எல்சி இல்லாமல் ஏற மாட்டேன்: மின் தொழிலாளிக்குச் சங்கம் எதற்கு?

மழை விட்ட மறுநாள் காலையில் எந்த ஊர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். புகார் நோட்டு நிரம்பியிருக்கும். மேசை மேல் இருக்கும் போன் ஓயாமல் அடிக்கும். வாசலில் ஏணி, கயிறு, கொறடு, பியூஸ் கம்பிச் சுருள். லைன்மேன் ஒருவர், கம்பியாளர் ஒருவர், கூடவே இரண்டு மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள். எந்தத் தெருவுக்கு யார் என்று பிரித்துக்கொண்டு கிளம்புவார்கள். கம்பத்தடிக்குப் போய் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, ஏறப்போகிறவர் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "எல்சி வாங்கியாச்சா?"

இந்தக் கேள்வியை யாரால் வாய்விட்டுக் கேட்க முடிகிறது, யாரால் முடிவதில்லை? மின் தொழிலாளி ஏன் சங்கத்தில் சேரவேண்டும் என்பதற்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். சம்பள உயர்வு, போனஸ், பஞ்சப்படி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் உயிர் இருந்தால்தானே அவை.

எல்சி என்றால் லைன் கிளியர். 11 கே.வி. அல்லது 22 கே.வி. பாதையில் வேலை செய்யவேண்டும் என்றால், அந்தப் பீடர், அதாவது மின்பாதை, புறப்படும் துணை மின் நிலையத்தில் பணியில் இருப்பவரிடம் முதலில் கேட்கவேண்டும். அவர் பிரேக்கரை ஆஃப் செய்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த வேலைக்கு என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு எல்சி கொடுப்பார். வேலை நடக்கும் இடத்தில் பாதையைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்து பூட்டவேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்க்கவேண்டும். அதோடு விட்டுவிடாமல், வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டவேண்டும். அதன் பிறகுதான் ஆள் ஏறலாம். முடிந்ததும் எர்த் ராடைக் கழற்றி, ஏறினவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று தலையை எண்ணி, எல்சி வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வேறு யார் சொன்னாலும் சப்ளை விடக்கூடாது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் நேரம் பிடிக்கும். ஆளும் வேண்டும். அங்கேதான் சங்கிலி அறுகிறது. நான்கு பேர் போகவேண்டிய வேலைக்கு இரண்டு பேர் போகிறார்கள். ஒரே கம்பத்தில் மேலே ஹெச்டி (உயரழுத்தக் கம்பி), கீழே எல்டி (தாழ்வழுத்தக் கம்பி) என்று ஓடும். கீழே நிறுத்தியாயிற்று என்று ஏறுபவரின் கை மேலே போய்விடும். இரண்டு பீடர்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும் இடத்தில் தப்பான ஸ்விட்சைத் திறந்துவிட்டு, சரியானதைத் திறந்ததாக நினைத்துக்கொள்வார்கள். எல்லாம் சரியாக நிறுத்தியிருந்தாலும், தெருவில் யாரோ ஜெனரேட்டரை முறையான சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் இணைத்திருப்பார்கள். அதிலிருந்து மின்சாரம் பின்பக்கமாக வந்து கம்பியில் நிற்கும். இதை 'ரிட்டர்ன் சப்ளை' என்பார்கள். எர்த் ராடு மாட்டியிருந்தால் தப்பிக்கலாம். மாட்ட நேரமில்லை என்று ஏறினால் தப்பிக்க முடியாது.

மின்கம்பியைத் தொடுமுன் அதை எர்த் செய்து மின்சாரத்தை இறக்கவேண்டும் என்பதும், அதற்குரிய தகுதியும் அனுமதியும் உள்ளவரே அந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. 2010இல் வந்த அந்த விதிகள் 2023இல் புதுப்பிக்கப்பட்டன. விதிக்குக் குறைவில்லை. "விதிப்படி செய்தால்தான் ஏறுவேன்" என்று கம்பத்தடியில் நின்று சொல்கிறவனுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதுதான் கேள்வி.

என் சித்தப்பா ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஊர் பெயர், ஆலை பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் பேனல் போர்டில் கான்டாக்டர் என்ற ஸ்விட்ச் ஒன்று தீய்ந்து நாற்றம் வந்தது. மெயினை நிறுத்திவிட்டு மாற்றவேண்டும் என்றார். நிறுத்தினால் இரண்டு வரிசை எந்திரம் நின்றுபோகும், ஷிப்ட் முடியட்டும், அதுவரை 'லைவ்'லேயே பார்த்துக்கொள் என்றார் மேற்பார்வையாளர். சித்தப்பா மறுத்துவிட்டார். யாரும் சத்தம் போடவில்லை, மெமோவும் கொடுக்கவில்லை. அடுத்த திங்கள்கிழமை அவருக்கு நிரந்தர இரவு ஷிப்ட் என்று போர்டில் எழுதியிருந்தது. ஒன்பது மாதம் இரவு வேலையே பார்த்தார். பகலில் தூங்கமுடியாமல் கண் சிவந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு ஆள் தனியாகச் சொல்லும் 'முடியாது' என்ற சொல்லுக்கு என்ன விலை என்பதை அப்போதே தெரிந்துகொண்டேன்.

அந்த ஒன்பது மாதத்துக்குப் பிறகு மின் பிரிவில் இருந்த ஏழு பேரும் சேர்ந்து ஆலையில் இருந்த ஒரு சங்கத்தில் சந்தா கட்டினார்கள். பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. சங்கச் செயலாளர் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசினார். ஷிப்ட் சுழற்சி பழையபடி வந்தது. பேனலைத் திறக்கவேண்டும் என்றால் மெயினை நிறுத்தவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதே கோரிக்கைதான், அதே ஆள்தான். சொன்னது ஏழு பேராக இருந்தது, அவ்வளவே வித்தியாசம்.

சங்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

மின் தொழிலாளர் சங்கங்கள் உலகில் தோன்றியதே உயிர் பயத்தில்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1891இல் பத்துப் பிரதிநிதிகள் கூடித் தொடங்கியதுதான் இன்று அங்கே இருக்கும் பெரிய மின் தொழிலாளர் சங்கம். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர் ஒரு லைன்மேன். 1896இல் கம்பத்தில் வேலை செய்யும்போது மின்சாரம் தாக்கி விழுந்து இறந்தார்.

நம் ஊர்க் கதை மில்லில் தொடங்குகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில், பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். 1920இல் தகராறு முற்றியபோது ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீதே வழக்குப் போட்டது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சென்னை உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. சங்கம் நடத்துவதே நஷ்டஈடு கட்டவேண்டிய செயல் என்று ஆகிவிட்டால் யார் சங்கம் நடத்துவார்கள்? அந்த அதிர்ச்சியில்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளி வாங்கிய அடிதான் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டமானது என்றால் மிகையில்லை.

அந்தச் சட்டம் கொடுத்ததில் முக்கியமானவை இரண்டு. சங்கத்தின் நியாயமான நோக்கங்களுக்காகச் சேர்ந்து செயல்பட்டால் அதைக் குற்றச் சதி என்று சொல்லமுடியாது. தொழில் தகராறில் ஆட்களை வேலை நிறுத்தத்துக்கு அழைத்தார் என்பதற்காக மட்டும் சிவில் வழக்கும் போடமுடியாது. இந்தப் பாதுகாப்பு பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்குத்தான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஊருக்கு ஊர் எலக்ட்ரீஷியன் நலச்சங்கம் என்று பெயர்ப்பலகை பார்க்கிறோம். அவற்றில் சில 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. குடியிருப்போர் சங்கம் போன்றவை பதிவாகும் அதே சட்டம். இறப்பு உதவி, குடும்ப விழா, கூட்டுறவு எல்லாம் அவற்றால் செய்யமுடியும். தொழிற்சங்கத்துக்குரிய அந்தப் பாதுகாப்பு மட்டும் அவற்றுக்குக் கிடையாது. சேருமுன் பதிவு எண்ணைக் கேட்டு, அது தொழிலாளர் துறையின் தொழிற்சங்கப் பதிவாளர் கொடுத்த எண்தானா என்று பார்ப்பது நல்லது.

சேராமலே கிடைக்குமே?

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. மின்வாரியத்தில் ஊதிய ஒப்பந்தம் போட்டால் அது எல்லோருக்கும்தான் பொருந்தும். 2023இல் போட்ட ஒப்பந்தத்தில் 2019 டிசம்பர் 1 முதல் கணக்கிட்டு 6 சதவீத உயர்வு வந்தது. சந்தா கட்டாதவருக்கும் அதே 6 சதவீதம்தான். சமரச அதிகாரி முன்னிலையில் 12(3) பிரிவின்படி போடும் ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும் என்பது தொழில் தகராறுச் சட்டம் 1947 முதல் இருந்துவரும் முறை.

அப்படியானால் சந்தா எதற்கு? தனியாள் பிரச்சினை வரும்போதுதான் பதில் தெரியும். வேலையிலிருந்து நீக்கினால் தொழிலாளி தானாகவே தகராறு எழுப்பலாம். அது தனி வழி. ஆனால் இடமாற்றம், இன்கிரிமென்ட் நிறுத்தம், பதவி உயர்வு மறுப்பு, ஷிப்ட் மாற்றிப் பழிவாங்குவது போன்றவற்றுக்கு ஒரு தனி மனிதரின் குறை என்ற அளவில் அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒரு சங்கமோ, கணிசமான எண்ணிக்கையில் சக தொழிலாளர்களோ அதைத் தங்கள் பிரச்சினையாக ஏற்று எழுப்பினால்தான் அது தொழில் தகராறு ஆகும். சித்தப்பாவின் இரவு ஷிப்ட் அப்படிப்பட்டதுதான். அவர் மட்டும் போய் மனுக் கொடுத்திருந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் வாங்கி வைத்திருப்பார்கள், அதற்கு மேல் எதுவும் நகர்ந்திருக்காது.

சமரசப் பேச்சுக்குப் போனாலும், தொழிலாளியின் சார்பில் பேச அவருடைய சங்க நிர்வாகிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வக்கீல் வைக்கத் தேவையில்லை. எட்டு மணி நேரம் கம்பத்தில் இருந்துவிட்டு வருகிறவர், தொழிலாளர் அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து எந்த விதி, எந்த அரசாணை என்று பேசுவது சுலபமில்லை. இருபது வருடம் அதையே செய்துவரும் ஒரு செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பேச்சின் தோரணையே மாறிவிடும்.

ஒப்பந்தத் தொழிலாளியின் கணக்கு

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று தொடங்கியது. 2010இல் பிரிக்கப்பட்டது, 2024இல் மறுபடி பிரிக்கப்பட்டது. பெயர்ப்பலகைகள் மாறின. ஒப்பந்தத் தொழிலாளி என்ற ஏற்பாடு மாறவில்லை. கம்பம் நடுவது, குழி தோண்டுவது, கேபிள் புதைப்பது, மரக்கிளை வெட்டுவது என்று தொடங்கி, ஆள் பற்றாக்குறை காரணமாக பியூஸ் போடுவது, ஜம்பர் (இணைப்புக் கம்பி) கட்டுவது வரை அவர்கள் கைக்கு வந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோன ஆட்களை ஊரே கைகூப்பிப் பார்த்தது, சோறு போட்டது. அவர்களில் எத்தனை பேருக்கு அடையாள அட்டை இருந்தது என்று அப்போது கேட்டவர்கள் குறைவு.

இப்படிப்பட்டவர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்திருந்தால் நிரந்தரம் ஆக்கவேண்டும் என்கிறது. கேட்க எளிது. 480 நாள் வேலை செய்தேன் என்று எப்படி நிரூபிப்பது? வருகைப் பதிவேடு ஒப்பந்தக்காரரிடம் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. கூலி கையில் ரொக்கமாக வரும். அதோடு, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தானாகவே முதன்மை நிறுவனத்தின் தொழிலாளர் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001இல் செயில் என்ற அரசு எஃகு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒப்பந்தம் வெறும் போர்வை, உண்மையில் வேலை வாங்கியது நிறுவனம்தான் என்று நிரூபித்தால் மட்டுமே வழி. அதற்குச் சாட்சியம் வேண்டும்.

எனவே, சங்கத்தில் சேரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லித் தரவேண்டியது கோஷம் போடுவதை அல்ல, குறிப்பெழுதுவதை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எந்தப் பிரிவு, எந்த டிரான்ஸ்பார்மர், என்ன வேலை, யார் சொல்லி, கூட இருந்தவர் யார். எல்சி எண் தெரிந்தால் அதுவும். வேலை நடக்கும் இடத்தில் எடுத்த போட்டோவைத் தேதியோடு வைத்துக்கொள்ளலாம். பத்து பேர் தனித்தனியாக எழுதிய நோட்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் அதன் எடையே வேறு. 1990களின் தொடக்கத்தில் நீதிபதி காலித் கமிஷன் மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்களை அடையாளம் காணும் வேலையைச் செய்தபோதும், பின்னால் பல கட்டங்களில் உள்ளெடுப்பு நடந்தபோதும், தன் வேலைக்குக் காகிதம் காட்டமுடிந்தவரே முன்னால் நின்றார். காட்டமுடியாதவர்களுக்கு வயதுதான் போனது.

உடற்தகுதித் தேர்வு வைத்து, 2021இல் மின்வாரியத்தில் கேங்மேன்களை எடுத்தார்கள். குழி தோண்டுவதும் கம்பம் நடுவதும்தான் அவர்கள் வேலை என்று வைத்திருந்தார்கள். நடைமுறையில் பல இடங்களில் மின்பாதையிலும் ஏற்றினார்கள். பயிற்சி இல்லாத வேலையை எங்கள் தலையில் கட்டாதீர்கள், கட்டினால் கள உதவியாளர் என்று பதவியை மாற்றிக் கொடுங்கள் என்பது அவர்கள் எழுப்பிய கோரிக்கை. பெயர் மாற்றத்துக்காகப் போராடுகிறார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அந்தப் பெயரில்தான் பயிற்சியும் பொறுப்பும் விபத்து நடந்தால் கிடைக்கும் பதிலும் இருக்கின்றன.

விபத்து என்று வந்துவிட்டால் நடப்பதையும் பேசியாகவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி இறந்துபோனால், பல ஊர்களில் அன்று மாலைக்குள் ஒரு தொகையோடு ஆள் வருவார். முத்திரைத் தாளில் கையெழுத்து கேட்பார். அழுதுகொண்டிருக்கும் வீடு கையெழுத்துப் போட்டுவிடும். சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இறப்புக்கான இழப்பீட்டை அதற்கென்று இருக்கும் ஆணையரிடம்தான் செலுத்தவேண்டும். நேரடியாகக் குடும்பத்தின் கையில் கொடுத்தது பொதுவாகக் கணக்கில் சேராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது. ஒப்பந்தக்காரர் ஓடிப்போனாலும், அந்த வேலை யாருக்காக நடந்ததோ அந்த முதன்மை நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளவேண்டும்.

தொகை எவ்வளவு? மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்கவேண்டும். கணக்குக்கு எடுக்கும் சம்பள வரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 25 வயதுக்கான எண் 216.91. பாதிச் சம்பளம் 7,500. பெருக்கினால் 16,26,825 ரூபாய் வருகிறது. இரண்டு லட்சத்துக்குக் கையெழுத்து வாங்கிப்போன வீட்டின் உரிமை இது. ஈஎஸ்ஐயில் பதிவு இருந்தால் வழி வேறு: மொத்தத் தொகைக்குப் பதிலாகச் சார்ந்தோருக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். இரண்டில் எது என்று பார்த்துச் சொல்லவும், மின் ஆய்வாளருக்கு விபத்துத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கவும், ஆணையர் முன் குடும்பத்துக்காக நிற்கவும் ஆள் வேண்டும். பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி அப்படி நிற்கலாம் என்று அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. இந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. கணக்கு முறை அதேதான்.

வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு நிலையான முதலாளி இல்லை. பேரம் பேச எதிரே ஆள் இல்லாத சங்கம் எதற்கு என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கட்டடச் செலவில் 1 சதவீதம் வரியாக வசூலித்துச் சேரும் பணம் அது. கட்டட மின் வேலை செய்கிறவரும் அதில் பதிவு செய்யலாம். கல்வி உதவி, விபத்து உதவி, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதில் வரும். பதிவு செய்யச் சங்க உறுப்பினராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் புதுப்பிக்க மறந்து அட்டை காலாவதியான பிறகு விபத்து நடந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தேதியை நினைவுபடுத்த ஒரு சங்கம் இருந்திருந்தால் என்று மனம் ஆறவில்லை. கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதச் சொல்லி இளைஞர்களை உந்துவதையும் நல்ல சங்கங்கள் செய்கின்றன. உரிமம் கையில் இருந்தால் கூலியும் வேறு, மரியாதையும் வேறு.

எந்தச் சங்கம்?

மின்வாரியத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. சிஐடியு சார்ந்த தமிழ்நாடு மின் ஊழியர் மத்திய அமைப்பு, திமுக சார்ந்த தொமுச, அண்ணா தொழிற்சங்கம், ஏஐடியுசி, ஐஎன்டியுசி, பிஎம்எஸ் அமைப்புகள், பொறியாளர்களுக்கும் கணக்கர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள். ஆட்சி மாறினால் ஆளுங்கட்சிச் சங்கத்துக்குக் கூட்டம் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இடமாற்றத்துக்குப் பயந்து சேர்கிறார்கள், இடமாற்றம் வாங்கித் தருவார்கள் என்றும் சேர்கிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. அப்படிச் சேருகிற உறுப்பினர் எல்சி கேட்கும் தைரியத்தை அங்கிருந்து பெறுவதில்லை. ஒரு ஆளின் தயவைத்தான் பெறுகிறார்.

கட்சி பார்த்துச் சேருவது அவரவர் உரிமை. அதோடு வேறு சிலவற்றையும் பார்க்கலாம். உங்கள் பிரிவு அலுவலகத்தில் அந்தச் சங்கத்துக்கு ஆள் இருக்கிறாரா? கடைசியாக நடந்த விபத்துக்கு அவர் வந்தாரா, மாலையோடு மட்டும் வந்தாரா, மனுவோடு வந்தாரா? ஒப்பந்தத் தொழிலாளியை உறுப்பினராக்குகிறார்களா, கூட்டத்தில் பேச விடுகிறார்களா? சந்தாவுக்கு ரசீது தருகிறார்களா? பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கிறார்களா? ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பவேண்டியது சங்கத்தின் கடமை. அரசியல் நிதி என்று வாங்கினால் அதைத் தனியாக வைக்கவேண்டும் என்பதும், அதைக் கட்டச் சொல்லி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதும் 1926 முதல் இருக்கும் விதி.

சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. ஆனாலும் பழிவாங்குவார்கள், அதை மறைத்துப் பேசக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளியை 'நாளைக்கு வரவேண்டாம்' என்ற ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். எனவே ஒருவர் மட்டும் முதலில் பெயர் கொடுப்பதைவிட, ஒரே பிரிவில் வேலை செய்கிறவர்கள் பேசி முடித்து ஒரே நாளில் சேருவது பாதுகாப்பு.

இப்போது ஆட்ட விதிகளும் மாறிவிட்டன. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1926 சட்டமும் 1947 சட்டமும் தொழில் உறவுகள் தொகுப்புக்குள் போயின. ஏற்கெனவே பதிவான சங்கங்களின் பதிவு தொடரும். வேலை நிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்பது மின்வாரியத்துக்குப் புதிதில்லை, பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் முன்பே உண்டு. ஆலையில் இருக்கும் எலக்ட்ரீஷியனுக்குத்தான் அது புதிது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலை நிறுத்தம் என்றே கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் புதிது.

இன்னொரு மாற்றம் பெரியது. வருகைப் பட்டியலில் உள்ளவர்களில் 51 சதவீத ஆதரவு இருக்கும் சங்கம்தான் இனி ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. பத்துப் பதினைந்து சங்கங்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவந்த இடத்தில் இது பெரிய கலக்கத்தை உண்டாக்கும். சிறு சங்கங்கள் சேர்ந்துகொள்ள ஒரு கட்டாயம் வரும் என்ற அளவில் நல்லது நடக்கலாம். என் கவலை வேறு. எண்ணுவது அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருப்பவர்களை. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் ஒப்பந்தக்காரரின் பட்டியலில்தானே இருக்கிறது. கம்பத்தில் ஏறுகிறவர்களில் பலர் எண்ணிக்கைக்கு வெளியே நிற்க, உள்ளே இருப்பவர்களின் சங்கம் அவர்களுக்காகவும் பேசவேண்டியிருக்கும். பேசுமா என்பது நிரந்தரத் தொழிலாளர்களின் கையில் இருக்கிறது. எல்சி பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற லைன்மேனும், அந்தக் கையெழுத்தை நம்பி மேலே ஏறுகிற ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சந்தாப் புத்தகத்தில் இருக்கிற பிரிவுகள் சில இப்போதே இருக்கின்றன. அங்கே காலையில் வண்டி கிளம்புமுன் "இன்னைக்கு எந்தப் பீடர், எல்சி யார் பேர்ல?" என்று ஒப்பந்தத் தொழிலாளி கேட்கிறார். லைன்மேன் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார்.